வெள்ளை உடுப்புக்காரனுக்குச் சொன்னது

என் வாழ்க்கையில் நான் அதிகம் வயிறெரிந்தது ஒரு சீனாக்காரனைப் பார்த்துத்தான். அவனை நேரில் கண்டதில்லை. வெள்ளை உடுப்பு, இடுப்புவரை தலைமயிர், முதுகில் வாள். தண்ணீரின் மேல் நடப்பான், மூங்கில் நுனியில் நிற்பான், மழையில் சண்டை பிடித்தாலும் உடுப்பில் ஒரு பொட்டுச் சேறு படாது. கடைசியில் நெஞ்சில் குத்து வாங்கிச் செத்தும் போனான். அப்படியும் என் எரிச்சல் அடங்கவில்லை. அவன் சாகிற நேரத்தில் என் மனைவி அவனுக்குச் சொன்ன வசனம்தான் காரணம்.

எண்பதுகளின் கடைசியில், அகதியாக வந்த நகரத்தில், கோலியர்ஸ் வுட் என்ற பகுதியில் ஒரு வீட்டில் இருந்தோம். எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆண்கள், எல்லாரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் வரும் என்று இருந்தவர்கள். எங்களில் வயது கூடியவர் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். அவரைப் பெரியண்ணை என்போம். நான் நகரத்தின் நடுவில் ஒரு சீனச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். அங்கே இருந்த தலைமைச் சமையற்காரனுக்கு வீடியோ பைத்தியம். பார்த்து முடித்த கசட்டுகளைப் பையில் போட்டு என்னிடம் தருவான். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்ச ஆங்கிலச் சொற்கள்தான். "வெரி குட், மெனி டை" என்பான். அவன் கணக்கில் நிறையப் பேர் செத்தால் அது நல்ல படம்.

தமிழ்ப் படக் கசட்டுக்குப் பக்கத்து டூட்டிங்கில் இருந்த வாடகைக் கடைக்குப் போகவேண்டும். சனிக்கிழமை போனால் நல்லதெல்லாம் யாரோ கொண்டுபோயிருப்பார்கள். சீனக் கசட் சும்மா கிடைத்தது. அதோடு எங்கள் வீட்டில் துவக்கு வருகிற படம் போடக்கூடாது. ஒருமுறை ஏதோ ஆங்கிலப் படத்தில் ஹெலிகொப்டர் வந்து சுடத் தொடங்கியபோது, பெரியண்ணை எழும்பிப்போய் டீவியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் அப்படிப் படம் கொண்டுவரவில்லை. வாள் என்றால் அவருக்குச் சரி. "வாளெண்டால் கிட்ட வரவேணும். வெட்டுறவன் ஆரெண்டு முகம் தெரியும்" என்பார்.

எனக்குச் சனிக்கிழமை வேலை பின்னேரம்தான் தொடங்கும். ஆகவே மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படம் போடுவோம். என்ன படங்கள் அவை! சிவப்பு உடுப்புக்காரி ஒருத்தி கூரையிலிருந்து கூரைக்குப் பாய்வாள், ஓடு ஒன்றும் அசையாது. நீளக் கையின் துணியை வீசினால் அது போய் எதிரியின் வாளைச் சுற்றிப் பிடுங்கிக்கொண்டு வரும். மெழுகுதிரியை வாள் குறுக்கே வெட்டும், வெட்டுப்பட்டது தெரியாமல் திரி நின்று எரியும், பிறகு மேல்பாதி மெல்லச் சரிந்து விழும். இரண்டு வாள்கள் உரசினால் நெருப்புப் பறக்கும். சுடுதண்ணீர்க் குழாய் உறைந்து கிடக்கிற வீட்டில், காற்சட்டைக்கு மேல் சாரம் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு சிக்கல். படத்தின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும், ஆனால் பிரதி எடுத்ததிலிருந்து திரும்பத் திரும்பப் பிரதி எடுத்ததால் கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். எழுத்துகளின் உச்சந்தலை மட்டும் தெரியும். சண்டைக்கு மொழி தேவையில்லை. சண்டை முடிந்து இரண்டு பேர் நின்று கதைக்கத் தொடங்கினால்தான் வீடு குழம்பும். "என்னவாம்? என்னவாம்?" சீனக்கடையில் வேலை செய்கிறவனுக்குச் சீனம் தெரிந்திருக்கும் என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த சீனம் 'கெதியாய்க் கழுவு' என்பது ஒன்றுதான். ஆனாலும் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "உவன்ரை தேப்பனை வெட்டினது அவன்தானாம்" என்று எடுத்துவிட்டேன். அது பொருந்திப் போயிற்று. அந்தப் படங்களில் தகப்பனை வெட்டியவன் ஒருவன் கட்டாயம் இருப்பான்.

அன்று தொடங்கியது. வாரத்தில் ஆறு நாள் என்னை 'யூ' என்று கூப்பிட்ட ஊரில், சனிக்கிழமை மத்தியானம் ஒரு அறை நிறைய ஆட்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டூட்டிங்கிலிருந்து ஒரு குடும்பமும் பஸ் எடுத்து வரும். அந்தக் குடும்பத்து அக்கா வடை கொண்டுவருவா. கதாநாயகன் வாயைத் திறந்தால் நான் தொடங்குவேன், அவன் மூடினால் நிறுத்துவேன். நான் வேலைக்குப் புறப்படும்போது "அடுத்த கிழமையும் நல்லதாக் கொண்டு வா" என்று வாசல்வரை வந்து சொல்லுவார்கள். அந்தப் பெருமையில்தான் கிழமை முழுக்கக் கோப்பை கழுவினேன் என்றால் பொய்யில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனைவி வந்து சேர்ந்தாள். புகைப்படம் மாற்றி, சாதகம் பார்த்து, தொலைபேசியில் பேசி முடித்த கலியாணம். அவளை முதலில் கண்டது விமான நிலையத்தில்தான். வீட்டில் இருந்தவர்கள் மேல்மாடி முன்னறையை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார்கள். அவள் அதிகம் கதைக்கமாட்டாள். "சாப்பாடு மேசையிலை கிடக்கு." "ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போங்கோ." நாள் முழுக்க இவ்வளவுதான். நான் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வரும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். எழுப்பக்கூடாது என்று சப்பாத்தைக் கீழேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறுவேன். சரி, அமைதியான பிள்ளை, வாயாடி இல்லை என்று எனக்குத் திருப்தி.

சனிக்கிழமைகளில் அவள் குசினியிலேயே சமைத்துக்கொண்டு நிற்பாள். கதவு திறந்திருக்கும், கேட்டுக்கொண்டிருப்பாள் போலும். ஒரு சனிக்கிழமை எனக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை அடைத்துவிட்டது. படம் ஓடுகிறது, சிவப்பு உடுப்புக்காரி ஒருத்தி சண்டை முடித்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வாளைத் துடைக்கிறாள், ஏதோ சொல்கிறாள். நான் கையைக் காலை ஆட்டுகிறேன். பெரியண்ணை குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

"பிள்ளை, நீ ஒருக்காச் சொல்லன், என்ன சொல்லுறாளெண்டு!"

அவள் மா ஒட்டிய கையோடு வந்து கதவடியில் நின்றாள். திரையைப் பார்த்தாள். நான் எப்போதும் "அவள் என்ன சொல்லுறாளெண்டால்" என்று தொடங்குவேன். இவள் அப்படியொன்றும் தொடங்கவில்லை. அந்தப் பெண்ணாகவே சொன்னாள்.

"வாளைத் துடைச்சுப் போட்டன். கையைத்தான் துடைக்க ஏலாமல் கிடக்கு."

டூட்டிங் அக்கா வடையைக் கடித்தபடி அப்படியே இருந்தா. நல்ல வசனம் என்று எனக்கு உடனே தெரிந்தது, என்னால் ஆயுளுக்கும் அப்படி ஒன்று சொல்லமுடியாது என்பதும் தெரிந்தது.

அடுத்த கிழமை தொண்டை சுகமாகிவிட்டது. செருமிக்கொண்டு போய் என் கதிரையில் இருந்தேன். "நீ பேசாமல் இரு, அவ சொல்லட்டும்" என்றார் பெரியண்ணை. அவளுக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள், டீவிக்குப் பக்கத்தில், என்னுடையதைவிட முன்னுக்கு. அன்றிலிருந்து நான் கசட் தூக்குகிறவன் ஆனேன்.

என்னால் சும்மா இருக்கமுடியவில்லை. "அவன்ரை வாய் இன்னும் அசையுது, நீர் நிப்பாட்டிப் போட்டீர்" என்று குறை பிடித்தேன். "அவர் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிச்சிட்டார். இப்ப சும்மா அலம்புறார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்கவேண்டிய சிரிப்பு. பிறகு படத்தையே குற்றம் சொல்லத் தொடங்கினேன். நாயகன் கோபுர உச்சியிலிருந்து இறங்கும்போது, "வடிவாப் பாருங்கோ, கம்பியிலை கட்டித்தான் இறக்குறாங்கள்" என்றேன்.

"கம்பியெண்டாலும் இறங்கேக்கை என்ன வடிவாய் இறங்குறார்" என்றாள் அவள்.

அன்று மேலே அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திரைச்சீலைக் கம்பைக் கழற்றி, கண்ணாடிக்கு முன்னால் ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்தேன். பல்ப் உடைந்தது. அவள் வந்து கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு, "புதுப் பல்ப் குசினி லாச்சிக்கை இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இதற்கு ஒரு வழி பண்ணவேண்டும் என்று, சமையற்காரனிடம் போய் இரண்டு விரல்களை வாய்க்குக் குறுக்கே வைத்து, பிறகு காற்றில் வெட்டிக் காட்டினேன். கதை வேண்டாம், சண்டை மட்டும் போதும். அவனுக்கு விளங்கியது. மிகுந்த சந்தோசத்தோடு ஒரு கசட் எடுத்துத் தந்தான். அந்த வெள்ளை உடுப்புக்காரன் வந்தது அப்படித்தான். நானே என் கையால் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்தப் படத்தில் உண்மையிலேயே கதையே இல்லை. மூங்கில் காட்டில் தொடங்கிய சண்டை ஆற்றங்கரைக்குப் போகிறது, படகில் ஏறுகிறது, மழையில் ஒரு பாழ்மண்டபத்துக்குள் நுழைகிறது. வெள்ளை உடுப்பும் சிவப்பு உடுப்பும் ஒரு பக்கம், கறுப்பு உடுப்புக் கூட்டம் மறுபக்கம். மழைத்துளிகளை வாள் வெட்டிக்கொண்டு போவது தெரிகிறது. அவன் ஒரு மூங்கிலை வளைத்து ஏறி நிற்க, அவள் அவன் தோளில் கால் வைத்துப் பறக்கிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மனைவியும் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தேன்.

கடைசியில் அவனுக்கு நெஞ்சில் குத்து. மண்டபத்துத் தூணில் சாய்ந்து இருக்கிறான். அவள் வாளைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் முழங்காலில் இருந்து, படம் முழுக்கப் பேசாத வாயைத் திறந்து, ஏதோ கொஞ்சம் சொல்கிறாள். என் மனைவி குரலை உயர்த்தவில்லை.

"நீங்கள் வாற காலடிச் சத்தம் கேட்டாப் பிறகுதான் நான் நித்திரை கொள்ளுறனான். உங்களுக்கு அது தெரியாது. இனி நான் எந்தச் சத்தத்தைக் கேட்டு நித்திரை கொள்ளுறது?"

டூட்டிங் அக்கா அழுதுவிட்டா. பெரியண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் ஏன் என்னைப் பார்க்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு நாளும் இப்படி ஒரு சொல் சொல்லாதவள் அவனுக்குச் சொல்கிறாள். அவனோ கண்ணை மூடிச் சாகிறான், பதில்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு வேலையில் இரண்டு பீங்கான் உடைத்தேன். கழுவக் கழுவ ஒரு சந்தேகம் வளர்ந்தது. இந்த வசனம் எங்கேயிருந்து வந்தது? சும்மா இருந்து யோசித்துப் பிடிக்கிற வசனமா அது? யாருடைய காலடிக்கோ காத்திருந்து பழகியவள்தான் இதைச் சொல்லமுடியும். புகைப்படம் மாற்றிச் செய்த கலியாணத்தில் முந்திய கதை கேட்கிற வழக்கம் இல்லை. படத்தில் முகம் இருக்கும், சாதகத்தில் கிரகம் இருக்கும். மனதில் யார் இருந்தான் என்பது இரண்டிலும் இருக்காது. அப்போதுதான் எனக்கு வெள்ளை உடுப்புக்காரனுக்குப் பின்னால் இன்னொருவன் நிற்பது தெரிந்தது, முகம் தெரியாத ஒருவன், ஊரில், அவள் வீட்டு ஒழுங்கையில் நடந்து வருகிறவன்.

அடுத்த நாள் சாடையாகக் கேட்டேன். "அந்தக் கடைசி வசனம் எங்கையிருந்து எடுத்தனீர்?"

"படத்திலை அவள் சொன்னதுதானே" என்றாள்.

"உமக்குச் சீனம் தெரியுமோ?"

"முகத்திலை தெரிஞ்சுது."

அதற்குமேல் எப்படிக் கேட்பது? பேச்சோடு பேச்சாக ஊர்க்கதை கேட்கத் தொடங்கினேன். டியூட்டரியில் படிப்பித்த வாத்தியார் நல்லவர் என்றாள். எனக்குச் சுரீர் என்றது. ஆனால் அவர் சைக்கிளில் வருகிறவராம். சைக்கிளுக்குக் காலடிச் சத்தம் இல்லை என்று அவரை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், கூட்டுறவுக் கடை மனேஜர், பூசைக்கு வருகிற ஐயர் என்று ஒவ்வொருவராக நடக்கவைத்துப் பார்த்தேன். ஒருவரும் சரிவரவில்லை. அதனால் நிம்மதி வந்ததா என்றால் இல்லை. ஆள் கிடைத்திருந்தால் அவனோடு மட்டும் கோபித்திருக்கலாம்.

படத்தில் அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று தெரிந்தால் போதும் என்று தோன்றியது. அதே வசனம் என்றால் பிரச்சினை முடிந்தது. கசட்டைச் சாப்பாட்டுக்கடைக்குக் கொண்டுபோய், அங்கே குசினி மூலையில் இருந்த சின்ன டீவியில் கடைசிக் காட்சியைப் போட்டு, சமையற்காரனிடம் கேட்டேன். "திஸ் வுமன், வாட் சே?" அவன் கத்தியை வைத்துவிட்டு, கண் கலங்கப் பார்த்து முடித்து, "ஷீ வெரி சாட்" என்றான். அது எனக்கும் தெரியும்! கசட்டையும் அவன் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டான். கொஞ்ச நாளில் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கசட் வரத்தும் நின்றது, சனிக்கிழமைக் கூட்டமும் கலைந்தது. ஒருவருக்கு விசா கிடைத்து பார்க்கிங் என்ற ஊர்ப்பக்கம் போனார், ஒருவர் கனடா போனார். பெரியண்ணை கிங்ஸ்பரிக்குப் போய் மருமகளோடு இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், அதே கோலியர்ஸ் வுட்டில் இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தோம். அந்த வெள்ளை உடுப்புக்காரனை மட்டும் நான் மறக்கவில்லை. மழை பெய்கிற நாளில் சேறு படாத ஒரு வெள்ளைத் துணியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில், சீனர் தெருவில் ஒரு கசட் கடைக் கண்ணாடிக்குள், ஒரு கசட் மட்டையில் அவன் நின்றான். அதே உடுப்பு, அதே மயிர். எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, அவன் அப்படியே இருந்தான். உள்ளே போய் வாங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். நான் அப்போது கோப்பை கழுவுவதில்லை, அதே கடையில் முன்னுக்கு மேசை பார்க்கிறேன், வெள்ளைச் சேட் போடவேண்டும். அவள் அறை மூலையில் நின்று அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். நான் கசட்டைப் போட்டுக் கடைசிக்கு ஓட்டினேன். இது நல்ல பிரதி, மேலும் கீழும் கறுப்புப் பட்டி விட்டு முழுப் படமும் தெரிந்தது. எழுத்தும் முழுதாகத் தெரிந்தது. பாழ்மண்டபம். மழை. தூணில் அவன். அவள் வாளைத் தரையில் வைத்தாள், வாயைத் திறந்தாள். நான் எழுத்தை வாசித்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குதிரைகள் தயாராக நிற்கின்றன, எழும்ப முடியுமா என்று கேட்கிறாள்.

"அவள் குதிரையைப் பற்றியெல்லோ சொல்லுறாள்!" என்று கத்தினேன்.

அவள் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "ஓம். குதிரைதான்."

"அப்ப நீர் அண்டைக்குச் சொன்னது? காலடிச் சத்தம், நித்திரை. அது ஆரின்ரை காலடி?"

இவ்வளவு காலமும் விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. என்ன பெயர் சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்தேன். முந்தி மற்றவர்கள் என் வாயைப் பார்த்தது மாதிரி.

"உங்களுக்கு உண்மையா விளங்கேல்லையோ?" என்றாள்.

"விளங்கினால் ஏன் கேக்கிறன்?"

"சப்பாத்தைக் கையிலை தூக்கிக்கொண்டு ஒரு மனிசன் கள்ளன் மாதிரிப் படியேறி வருவார். என்னதான் மெல்ல வந்தாலும் அந்த வீட்டு மேல்படி கிறீச்செண்டும். பஸ்ஸிலை ஆரும் அடிச்சுப் போட்டாங்களோ, வழியிலை விழுந்து கிடக்கிறாரோ எண்டு யோசிச்சுக்கொண்டு கிடப்பன். அந்தச் சத்தம் கேட்டாப் பிறகுதான் எனக்குக் கண் மூடும்."

"திரும்பிப் படுத்தெல்லோ இருந்தனீர்!"

"பின்னை? வந்த புதிசிலை வாசலைப் பாத்துக்கொண்டு முழிச்சுக் கிடக்கிறதே? எனக்கு வெக்கமா இருந்தது." மறுபடி அயன் பெட்டியைக் கையில் எடுத்தாள். "பெரியண்ணைக்கு அண்டைக்கே விளங்கினது. டூட்டிங் அக்கா குசினிக்கை வந்து என்னைக் கட்டிப்பிடிச்சவ."

எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வந்தது எரிச்சல்தான். எனக்கான வசனத்தை வீடு நிறைய ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறாள். பேக்கரிக்காரருக்கு விளங்கியிருக்கிறது, வடைக்காரிக்கு விளங்கியிருக்கிறது. எல்லாரையும்விட அந்த வெள்ளை உடுப்புக்காரன். முகத்துக்கு நேரே, முழங்காலில் இருந்து அவனுக்குச் சொன்னாள். அவனுக்குத் தமிழும் தெரியாது!

"அதை ஒருக்கா எனக்குச் சொல்லும்" என்றேன்.

"எதை?"

"அந்த வசனத்தை. என்னைப் பாத்து."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவர் நெஞ்சிலை வாள் குத்துப்பட்டுக் கிடந்தவர். உங்களுக்கு என்ன வந்தது? நேரமாகுது, சேட்டைப் போடுங்கோ" என்று சூடாக இருந்த வெள்ளைச் சேட்டை நீட்டினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

அன்று வேலை முடிந்து வந்து, கதவைப் பூட்டி, சப்பாத்தைக் கழற்றாமல் படியேறினேன். வேண்டுமென்றே ஒவ்வொரு படியிலும் அழுத்தி மிதித்தேன். வீடே அதிர்ந்தது.

"மெல்ல வாங்கோ, பிள்ளையள் எழும்பப்போகுது" என்று இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. நித்திரைக் குரல் இல்லை.